முப்பத்தொரு வீட்டுச் சோற்றில் ஓடிய மினி பஸ்

நம்புகிறவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், நம்பாதவர்கள் பின்னால் நின்றுகொண்டு கேளுங்கள், எப்படியும் எங்கள் பஸ்ஸில் எல்லோருக்கும் இடம் உண்டு. தேரிக்காட்டுக்குத் தெற்கே, செம்மணல் முடிந்து உடைமரங்கள் தொடங்குகிற இடத்தில் கொம்பன்விளை என்று எங்கள் ஊர் இருக்கிறது, ஊரில் முப்பத்தொரு வீடுகளும் ஒரு மினி பஸ்ஸும் உண்டு, அந்த மினி பஸ்ஸுக்கு வைகுண்டமணி டிரைவர், அவர் சம்சாரம் சொர்ணக்கிளி கண்டக்டர், வண்டி இருவருக்கும் சொந்தம், இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

காரணம் சோறு. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், வண்டி நிறைய ஆள் இருக்கும்போது, வைகுண்டமணி ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, மூன்றடுக்கு டிபன் கேரியரைத் திறந்து, நடு அடுக்கில் இருந்த உளுந்தம்பருப்புச் சோற்றை ஒரு வாய் வைத்துவிட்டு, "இத சோறுன்னு சொன்னா கொத்தனார் கோவிச்சுக்கிடுவான்ட்டி, சாந்துல்லா இது" என்றார், நாங்கள் சிரித்தோம், நாங்கள் சிரித்த தைரியத்தில் அந்த நடு அடுக்கைச் சோற்றோடு ஜன்னல் வழியாக உடைமுள் காட்டுக்குள் வீசிவிட்டார். சொர்ணக்கிளியின் சமையல் சுமார் என்பது ஊரறிந்த விஷயம்தான், ஆனாலும் நாங்கள் சிரித்திருக்கக் கூடாது. அன்றிலிருந்து அவள் தனக்கு மட்டும் பொங்கினாள், அவர் மூன்று வேளையும் திசையன்விளை பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் சாப்பிட்டார், பேச்சு நின்றுபோயிற்று.

விசில் மட்டும் மிஞ்சியது. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ என்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான், ஆனால் இவர்கள் இருவருக்கும் அந்த ஒன்பது வருஷத்தில் விசில் ஒரு பாஷையாகவே வளர்ந்துவிட்டது, இழுத்து ஒன்று அடித்தால் வெயிலில் நிறுத்தாதே, நிழலில் நிறுத்து என்று அர்த்தம், குட்டி குட்டியாக மூன்று அடித்தால் வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், அவர் அதற்கு ஹாரனில் பதில் சொல்வார், நாங்கள் கேட்டுக்கொண்டே வருவோம். அவளுக்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரம் விசில் ஈனஸ்வரத்தில் கேட்டபோது, அவர் ஒரு வாரமும் ஹாரனைத் தொடாமல் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கையைக் காட்டிக்காட்டியே வண்டி ஓட்டினார். இப்படியும் ஒரு குடும்பம் நடக்கிறதே என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

இப்படி இருக்கும்போதுதான் ஐப்பசி மழையில் முன்கண்ணாடி ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கி, டேஷ்போர்டுக்குக் கீழே ஒளிந்திருந்த இன்ஜின் கம்ப்யூட்டரில் பட்டது. முதலில் மஞ்சள் விளக்கு எரிந்தது, பிறகு வண்டி நினைத்தால் ஓடியது, நினைத்தால் நின்றது, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நினைப்பதையே விட்டுவிட்டது. உவரியிலிருந்து மெக்கானிக் ரொசாரியோ வந்தான், ஸ்கேனரைச் செருகிப் பார்த்தான், பலகையைக் கழற்றிக் கம்ப்யூட்டரை வெளியே எடுத்தான், உள்ளே பாசி பிடித்ததுபோல் பச்சையாக இருந்தது.

"ஈசிஎம் செத்துப்போச்சு அண்ணாச்சி" என்றான். "புதுசுதான் போடணும். மருதையில சொல்லி, அவன் எங்கயோ சொல்லி, பெட்டி வந்து, அதுக்கப்புறம் உங்க வண்டிக்குன்னு புரோகிராம் ஏத்தணும். ஒரு மாசம் ஆவும்."

ஒரு மாதம் என்று கேட்டதும் நாங்கள் விரல்விட்டு நாள் எண்ணத் தொடங்கினோம், ஏனென்றால் அந்த ரூட்டைக் கேட்டு வேறொருவர் மனுப் போட்டிருந்தார், வண்டி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க மாதக் கடைசியில் ஆய்வாளர் ஒருவர் வருவதாகக் கடிதமும் வந்திருந்தது, ஓடாவிட்டால் ரூட்டு கைமாறும். ரூட்டு போனால் எங்களுக்கு வேறு வண்டி வரும், அது பெரிதில்லை. ஆனால் விசில் போய்விடும். விசில் போனால் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் வேறு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தோம், ஒன்றுமே இல்லை. அவர்களும் அதையே யோசித்திருக்க வேண்டும், சொர்ணக்கிளி விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றாள், வைகுண்டமணி ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ரொசாரியோ டீ குடிக்கப் போகும்போது, காக்கா தூக்கிவிடக் கூடாதே என்று தன்னுடைய சோற்றுச் சம்படத்தைக் கம்ப்யூட்டர் இருந்த காலி இடத்தில் செருகி, தொங்கிய ஒயர்கள் இரண்டும் தரையில் படாமல் சம்படத்தின் இரண்டு பக்கக் கொக்கியிலும் மாட்டிவிட்டுப் போனான். வைகுண்டமணி சும்மா இருக்க முடியாமல் சாவியைத் திருகினார். வண்டி எடுத்துக்கொண்டது. சொர்ணக்கிளி பழக்க தோஷத்தில் இரண்டு விசில் அடித்தாள், நாங்களும் பழக்க தோஷத்தில் ஏறிக்கொண்டோம், ரொசாரியோ கையில் டீ கிளாசோடு பின்னால் ஓடிவந்து, "யண்ணே, என் சோறு! சாளை மீன் கொழம்பு!" என்று கத்தியது எங்களுக்குப் பாதி தூரம் வரை கேட்டது.

அன்று முழுக்க வண்டி நன்றாக ஓடியது, ஒவ்வொரு முக்கிலும் கடல் இருக்கும் பக்கமாக லேசாக இழுத்தது, அவ்வளவுதான் குறை. கடைசி ட்ரிப் முடிந்து சம்படத்தைத் திறந்து பார்த்தால் சோறும் குழம்பும் தீர்ந்திருந்தன, மீன் முள் ஒரு பக்கமும், கறிவேப்பிலை ஒரு பக்கமும் ஒழுங்காக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. "மரியாதையாத்தான் சாப்பிட்டிருக்கு" என்று ரொசாரியோவே ஒப்புக்கொண்டான். அவனுக்கு அதற்குள் தங்கபுஷ்பம் வீட்டில் சோறு போட்டுவிட்டார்கள்.

மறுநாளைக்கு என்ன செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி, அதற்கும் தங்கபுஷ்பம்தான் பதில் சொன்னாள், அவள் எங்கள் ஊர் மகளிர் குழுவின் தலைவி, எதற்கும் ஒரு முறை வைத்துப் பட்டியல் போடாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. "முப்பத்தோரு வீடு. ஒரு மாசம். வீட்டுக்கு ஒரு நாளு. இதுல என்ன பெரிய யோசன?" என்று பஸ் நேர அட்டவணையின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதினாள். சொர்ணக்கிளி வீட்டை எங்கே போடுவது என்று வந்தபோது எல்லோரும் கூரையைப் பார்த்தோம். தங்கபுஷ்பம் அதைக் கடைசியில் எழுதினாள், அதற்குள் புதுக் கம்ப்யூட்டர் வந்துவிடும் என்று நம்பிக்கை, வராவிட்டால் யாராவது உதவிக்குப் பொங்கிக் கொடுத்துவிடலாம் என்று இரக்கம். அந்த இரக்கம் சொர்ணக்கிளிக்கும் தெரிந்தது.

இப்படியாக எங்கள் மினி பஸ் வீட்டுச் சாப்பாட்டில் ஓடத் தொடங்கியது, வண்டியின் குணமும் சாப்பாட்டுக்குத் தகுந்தபடி மாறியது. தயிர்ச்சோறு வைத்த நாளில் வேகம் முப்பதுக்கு மேல் போகவில்லை, மாட்டு வண்டிக்குக்கூட வழிவிட்டது, கருவாட்டுக் குழம்பு வைத்த நாளில் பறந்தது, ஹாரனும் கொஞ்சம் வாய் நீளமாக ஒலித்தது, பூண்டு ரசம் வைத்த நாளில் சைலன்சர் இரண்டு தரம் செருமிவிட்டு அதன்பின் புகையே விடவில்லை, கல்யாண விருந்துக்கு வைக்கிற சொதியை வைத்த நாளில் ஒவ்வொரு கல்யாண மண்டபத்துக்கு முன்னாலும் தானாக வேகம் குறைந்தது. ஒருநாள் அவசரத்துக்கு உப்புமா வைத்தார்கள், வண்டி கிளம்பவில்லை, யாரும் அதைக் குறை சொல்லவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து இட்லி வாங்கிவந்து வைத்ததும் கிளம்பியது.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, தங்கபுஷ்பம் தன் முறை முடிந்து சம்படத்தை வாங்க வந்தவள், திறந்து பார்த்துவிட்டு வண்டியின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன். ஒரு வீட்டுப் பாத்திரத்த வெறுசா திருப்பிக் குடுக்கலாமா? ஒரு வெத்தல, ஒரு பிடி சீனி, ஒண்ணும் கெடைக்கலியா ஒனக்கு? என்ன வளப்போ!" என்று சத்தம் போட்டாள்.

வண்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் சம்படத்தைத் திறந்தபோது, ஒதுக்கிய கறிவேப்பிலைக்குப் பக்கத்தில், அன்றைக்குச் சோறு வைத்த வீட்டுப் பெண் நான்கு வருஷத்துக்கு முன்னால் பஸ்ஸில் தொலைத்த கம்மல் திருகாணி இருந்தது. அதற்கு அடுத்த நாள் ஒரு பேனா மூடியும் வெள்ளிக் கொலுசின் மணி ஒன்றும், அதற்கு அடுத்த நாள் மாசானமுத்துவின் பல்செட்டும் வந்தன, இருமும்போது ஜன்னல் வழியாகப் போய்விட்டதென்று அவர் இரண்டு வருஷமாகக் கஞ்சியே குடித்துக்கொண்டிருந்தார். எந்த வீட்டுச் சோறோ, அந்த வீட்டுக்காரர்கள் அந்த வண்டிக்குள் தொலைத்ததெல்லாம் சோற்றுக்குப் பதிலாகத் திரும்பி வந்தது. தங்கபுஷ்பத்துக்கு மட்டும் வயிற்றெரிச்சல். சொல்லிக்கொடுத்தது அவள், முறை முடிந்துபோனதும் அவளுக்குத்தான்.

சொர்ணக்கிளி இதையெல்லாம் டிக்கெட் பையை அணைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். அவளுக்கும் ஒன்று தொலைந்திருந்தது, ஆனால் அது வண்டிக்குள் தொலையவில்லை, வண்டியிலிருந்து வீசப்பட்டது, அது கணக்கில் வராது என்று அவளுக்குத் தெரியும். அவள் வீட்டு அலமாரியில் மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் மட்டுமாக அந்தக் கேரியர் இன்னும் இருந்தது.

நாள்கள் ஓடின, முப்பது வீடும் முடிந்தது. மதுரைக்குப் பெட்டி வந்துவிட்டது, நாளைச் சாயங்காலம் கொண்டு வருகிறேன் என்று ரொசாரியோ போன் பண்ணினான். ஆய்வாளரும் நாளைக்குத்தான் வருகிறார் என்று அதே நாளில் தகவல் வந்தது. நடுவில் ஒரு பகல், அந்தப் பகலுக்கு ஒரு சாப்பாடு, பட்டியலில் பாக்கி ஒரே ஒரு வீடு. தங்கபுஷ்பம் மெதுவாகப் போய், "மைனி, நாளைக்கு எங்க வீட்டுல கறி எடுக்கோம், அப்படியே வண்டிக்கும் ஒரு சம்படம்..." என்று தொடங்கினாள்.

"என் வண்டிக்கு நான் பொங்குதேன்" என்றாள் சொர்ணக்கிளி.

"இல்ல மைனி, ஆபீசர் வாராருல்லா, வண்டி நடுவுல நின்னு போச்சுன்னா..."

"நின்னா எம் முகத்துக்குத்தான அவமானம்? ஒங்களுக்குச் சிரிக்க ஒரு காரியம் கெடைக்கும். போங்க."

ஒன்பது வருஷம் கழித்து அந்தச் சிரிப்பு எங்கள் மேலேயே வந்து விழுந்தது.

ஆனால் ஒரு சங்கதியை நாங்கள் மறந்திருந்தோம். எங்கள் பஸ்ஸில் ஏறுகிற பெண்கள் திசையன்விளை போய்ச் சேரும்வரை பேசுவது சமையலைத்தான், உளுந்தை வறுத்துப் போடணுமா, வறுக்காமல் போடணுமா, தேங்காயை எப்போது சேர்க்கணும், எள்ளுத் துவையலுக்கு வத்தல் எத்தனை என்று ஒன்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், டிக்கெட் கொடுத்துக்கொண்டே ஒருத்தி அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள், கேட்டதை ஒற்றை ஆளுக்குப் பொங்கிப் பொங்கிப் பார்த்துக்கொண்டும் இருந்தாள். மறுநாள் காலையில் அவள் கொண்டு வந்து வைத்தது அதே உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும்தான்.

ஒயரை மாட்டியதும் வண்டி கிளம்பிய விதத்தை எப்படிச் சொல்வது, வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல் கிளம்பியது. ஆய்வாளர் கோமதிநாயகம் திசையன்விளையில் ஏறிக்கொண்டார், கையில் அட்டையும் படிவமும் வைத்திருந்தார், இன்ஜின் கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டார், வைகுண்டமணி பலகையைத் திறந்து சம்படத்தைக் காட்டினார். ஆய்வாளர் கொஞ்ச நேரம் பார்த்தார், மோந்து பார்த்தார், பிறகு அதற்கென்று படிவத்தில் கட்டம் இல்லாததால் 'மாற்று ஏற்பாடு, உள்ளூர்த் தயாரிப்பு' என்று ஓரத்தில் எழுதிக்கொண்டார். கொம்பன்விளைக்கு வந்து திரும்பத் திசையன்விளை போய்ச் சேர்வதற்குள் அவர் இரண்டு தடவை தூங்கி விழித்துவிட்டார், வண்டி குலுங்கவே இல்லை. இனி ஒரே ஒரு தடவை ஊருக்குப் போய் வந்தால் ஆய்வு முடிந்தது.

மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் வண்டி கால் மணி நேரம் நிற்கும். வைகுண்டமணி அந்த நேரத்தில் ஓட்டலுக்குப் போவார். அன்றைக்கு அவர் போகவில்லை. நாங்கள் அதைக் கவனிக்கவில்லை, சர்பத் குடித்துக்கொண்டிருந்தோம்.

பன்னிரண்டே முக்காலுக்கு எல்லோரும் ஏறியதும் சொர்ணக்கிளி இரண்டு விசில் அடித்தாள். வண்டி அசையவில்லை. மறுபடியும் அடித்தாள். சாவி திருகுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் முகம் சிறுத்துப்போனது, இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தாள், குனிந்து பலகையைத் திறந்து சம்படத்தை எடுத்தாள்.

சம்படம் காலியாக இருந்தது. துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது, சாயங்காலம்வரை வைத்துச் சாப்பிடுகிற வண்டி மத்தியானமே முடித்திருந்தது. ஓரத்தில் கறிவேப்பிலை இல்லை. முப்பது நாளும் எந்த வீட்டுச் சோற்றிலும் வண்டி கறிவேப்பிலையைத் தின்றதே இல்லை. கொம்பன்விளையில் கறிவேப்பிலையை ஒதுக்காமல் மென்று தின்கிற ஒரே ஒரு ஆள் யார் என்பது, அவரோடு பந்தியில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும். சொர்ணக்கிளி நிமிர்ந்து பார்த்தாள். வைகுண்டமணியின் மீசையில் ஒரு எள் ஒட்டியிருந்தது.

அவள் விசிலை எடுத்து ஒன்று ஊதினாள். நாங்கள் அதுவரை கேட்காத விசில் அது, கீழிருந்து மேலே போய் அங்கேயே நின்றது. அதற்கு ஹாரனில்தான் பதில் வர வேண்டும், ஆனால் அவர் வலது கை சோற்றுக் கையாக இருந்தது, கழுவ நேரம் கிடைத்திருக்கவில்லை. அதனால் வாயைத் திறந்தார்.

"ஒரு வாய்தான் பாப்பம்னு தொறந்தேன்" என்றார். ஒன்பது வருஷமாக அவளிடம் பேசாத குரல், கரகரவென்று வந்தது. "நிறுத்த முடியல. நல்லாருந்துது." கொஞ்சம் யோசித்து, "உப்பு ஒரு பொட்டு கம்மி" என்றும் சொன்னார், அந்த மனுஷனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

"வண்டி எடுக்கலன்னா நான் 'ஓடவில்லை'ன்னு எழுதணும்மா" என்று ஆய்வாளர் தயங்கித் தயங்கிப் பேனாவைத் திறந்தார்.

சொர்ணக்கிளி அவரைப் பார்க்கவில்லை. வைகுண்டமணி இடது கையைத் தன் சீட்டுக்குக் கீழே விட்டுத் துழாவி, பழைய காக்கிச் சட்டைத் துணியில் சுற்றியிருந்த ஒன்றை வெளியே எடுத்தார். துணியைப் பிரித்தார். டிபன் கேரியரின் நடு அடுக்கு. பக்கவாட்டில் ஒரு நசுங்கல், மற்றபடி முகம் பார்க்கலாம்போல் துலக்கி வைத்திருந்தார்.

"அன்னைக்கே போய் எடுத்துட்டேன். முள்ளு ஏறி காலு ஒரு வாரம் வீங்கிக் கெடந்துது."

"எடுத்தா குடுக்கதுக்கென்ன?" என்று கேட்டாள் சொர்ணக்கிளி. அவரைப் பார்த்து அவள் குரலும் அப்போதுதான் வெளியே வந்தது.

"வெறுசா எப்படிட்டி குடுப்பேன்?" என்றார் அவர். "அதுக்குள்ள என்னத்த வச்சுக் குடுக்கன்னு எனக்குத் தெரியல. ஒம்பது வருசமா யோசிக்கேன்."

சிரிக்க நிறைய இருந்தது, இந்தத் தடவை நாங்கள் சிரிக்கவில்லை. சொர்ணக்கிளி அந்த அடுக்கை வாங்கி உள்ளே பார்த்தாள், நாங்களும் எட்டி எட்டிப் பார்த்தோம், ஆய்வாளரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார், உள்ளே ஒன்றும் இல்லை. அவள் அதை அப்படியே கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் வைத்தாள், அதன் இரண்டு காதிலும் இரண்டு ஒயரையும் மாட்டினாள், பலகையைச் சாத்திவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு விசில் அடித்தாள்.

வண்டி கிளம்பியது.

ஆய்வாளர் 'ஓடுகிறது' என்ற கட்டத்தில் குறி போட்டார். திரும்பி வரும் வழி பூராவும் அவர்கள் இருவரும் பேசினார்கள், பேசினார்கள் என்றால் சண்டை போட்டார்கள், ஒன்பது வருஷத்துச் சண்டை வரிசையாக நின்றதால் ஒன்று முடியாமலே அடுத்தது ஏறிக்கொண்டது, அவர் கண்ணாடியைப் பார்த்துக் கத்த, அவள் கடைசிப் படியிலிருந்து கத்த, நடுவில் விசில் அடிக்க மறந்ததால் மூன்று நிறுத்தங்கள் கடந்து போய்விட்டன. இறங்க வேண்டியவர்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, கொம்பன்விளை வரை வந்து நடந்தே திரும்பிப் போனார்கள்.

ஊரில் ரொசாரியோ புதுக் கம்ப்யூட்டரோடும் லேப்டாப்போடும் காத்திருந்தான். பலகையைக் கழற்றி, பழைய இடத்தைக் காலி பண்ணுவதற்காக அந்த நடு அடுக்கை வெளியே எடுத்தவன், "இதுல என்ன வச்சிருந்திய?" என்று கேட்டான். ஒன்றும் வைக்கவில்லை என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். அவன் அதைச் சாய்த்துக் காட்டினான். அடுக்கின் ஓரமாக, சாப்பிட்டு முடித்தவர்கள் ஒதுக்கி வைக்கிறதுபோல், ஒரே ஒரு கறிவேப்பிலை இருந்தது.

சொர்ணக்கிளி அதை எடுத்து வைகுண்டமணியிடம் நீட்டினாள். அவர் வாங்கி வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மென்றார்.

"உப்பு சரியா இருக்கு" என்றார்.